பெட்ரோல் மூடியில் என் கையெழுத்து

சந்தேகப்படுவது கெட்ட பழக்கம் என்று யாராவது சொன்னால், அவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். இருபது வருஷமாகப் பரீட்சை ஹாலில் நின்று நின்று வளர்ந்த புத்தி இது. ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் டீச்சர் நான். வெயில் காலத்தில் முழுக்கைச் சட்டை போட்டு வருகிற பையன், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணீர் கேட்கிற பொண்ணு, தும்மாமலே கர்ச்சீப் எடுக்கிறவன், இவர்களில் ஒருத்தர்கூட என்னிடம் தப்பியதில்லை.

அந்தப் புத்தியைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். விடவில்லை. சிலிண்டர் வந்தால் தூக்கிப் பார்ப்பேன். இட்லி மாவு பாக்கெட்டை அமுக்கிப் பார்ப்பேன். "நல்லா இருக்கியா?" என்று யாராவது கேட்டால், இவங்களுக்கு எதுக்கு இப்ப என் சேதி என்று யோசிப்பேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால் இந்தக் குணத்தால் ஒரு காரை நடுரோட்டில் நிறுத்தினேன். கூடவே என் அண்ணனையும், பக்கத்து வீட்டுக்காரரையும், பெற்ற மகளின் காதுகுத்தையும் சந்தி சிரிக்க வைத்தேன். குற்றவாளி யார் என்பதைக் கடைசிவரை மறைத்து வைக்கப் போவதில்லை. நான்தான். எப்படிச் செய்தேன் என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கார் அண்ணனுடையது. என் ஒரே அண்ணன் கலியமூர்த்திக்குப் பெரம்பலூரில் மோட்டார் சாமான் கடை. கார்ப்ரேட்டர் காலத்து வெள்ளைக் காரைப் பதினெட்டு வருஷம் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். மழை வந்தால் தான் நனைந்துகொண்டு காருக்குத் தார்ப்பாய் போர்த்துவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் போன் பண்ணி, "மல்லிகா, வண்டிய நீ வச்சிக்கயேன்" என்றார்.

"ஏண்ணே, ஒனக்கு வேணாமா?"

"எனக்கு எதுக்கு? கடைக்கும் வூட்டுக்கும் நடந்தே போயிடுறேன். நீதான் புள்ளைய வச்சிக்கிட்டு பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போற."

வேறு தங்கச்சியாக இருந்தால் கண் கலங்கியிருப்பாள். நான் போனை வைத்துவிட்டு என் கணவரிடம், "இதுல ஏதோ இருக்குங்க" என்றேன்.

கணவர் செல்வம் சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன். உலகத்தில் எந்தப் பிரச்சினை வந்தாலும் 'கரண்ட் வருதா' என்று ஒரே கேள்விதான் கேட்பார். வருகிறது என்றால் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார். "வண்டி நல்லாத்தானே ஓடுது?" என்றார்.

"அதான் சந்தேகமா இருக்கு" என்றேன்.

வண்டி வந்து ஒரு மாசம் ஆகியிருக்கும். பெட்ரோல் முள் என் கண்ணில் பட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது பாதியில் நிற்கிற முள், காலையில் சாவி போட்டால் பாதிக்கும் கீழே கிடந்தது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். ராத்திரியில் யாரோ எடுக்கிறார்கள். (எங்கள் வாசலில் சரிவு இருக்கிறது, வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, உள்ளே பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கினால் முள் இறங்கத்தான் செய்யும் என்பதெல்லாம் ஒரு இயற்பியல் டீச்சருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. திருடன்தான் தோன்றினான்.)

பக்கத்து வீட்டில் அந்தோணிசாமி இருந்தார். வரதராஜன்பேட்டைக்காரர். அங்கே முந்திரித் தோப்பு. பிள்ளைகள் படிப்புக்காக ஜெயங்கொண்டத்தில் வீடு கட்டி வந்தவர். அதிகம் பேச மாட்டார். (பேசாதவர்களை நான் எப்போதுமே குறித்து வைத்துக்கொள்வேன்.) முந்திரி பூக்கிற காலத்தில் முதுகில் மெஷினை மாட்டிக்கொண்டு தோப்புக்கு மருந்தடிப்பார். பெட்ரோலில் ஓடுகிற மெஷின். ஒருநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "சௌக்கியமா டீச்சர்?" என்று கேட்டார். சட்டையில் குப்பென்று பெட்ரோல் வாசனை.

இங்கே முள் இறங்குகிறது, அங்கே பக்கத்து வீட்டுக்காரர் மணக்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அன்றைக்கே பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றி ஆராய்ந்தேன். மூடியின் நடுவே கடுகு போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. மெல்லிசான ரப்பர் டியூப் நுழையுமா என்று யோசித்தேன். நுழையும் என்று முடிவும் செய்தேன். அண்ணன் மேல் வேறு கோபம் வந்தது. ஓட்டை மூடியோட வண்டியைத் தலையில கட்டிட்டாரே! (டேங்கிலிருந்து பெட்ரோல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். அதற்காக வண்டி செய்தவர்களே வைத்த ஓட்டை அது.) தண்ணீர்க் குழாய் ஒழுகினால் பிசைந்து அப்புவோமே, அந்தப் பசையை எடுத்து ஓட்டையைக் கெட்டியாக அடைத்தேன். மூடியை இறுக்கி, அதைச் சுற்றி டேப் ஒட்டினேன். பிறகு விடைத்தாள் கட்டுக்குப் போடுவது மாதிரி, டேப்பின் மேல் பாதியும் தகரத்தின் மேல் பாதியுமாக அழியாத மையில் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினேன்.

செல்வம் டீ டம்ளரோடு வந்து பார்த்தார். "பெட்ரோல் போடுறப்பல்லாம் கையெழுத்துப் போடுவியா?"

"ஆமா."

"நீ ஊருல இல்லன்னா?"

"பெட்ரோல் போட வேணாம்."

அவர் மிச்ச டீயைக் குடித்தார்.

மூன்றாம் நாள், பள்ளிக்கூடத்துக்குப் பாதி வழியில் வண்டி இருமியது. இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றது. சாவியைத் திருப்பினால் கிர்ர்ர் என்று சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. ஜெயங்கொண்டம் மெக்கானிக் பஷீர் பாய் வந்து பானட்டைத் திறந்தார். ஒரு டியூபைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, பெட்ரோல் மேல ஏறல. ஏ.சி. பம்ப் வீக்கா இருக்கும்" என்றார்.

"இந்த வண்டியில ஏ.சி.யே கிடையாது பாய்" என்றேன், வகுப்பை எழுப்பி நிற்க வைக்கிற குரலில்.

பாய் பொறுமையாக விளக்கினார். பழைய வண்டிகளில் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இன்ஜினுக்கு அனுப்புகிற சின்ன பம்புக்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கிற பெயர்தான் அது. குளிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எனக்கோ அந்தப் பொறுமை சந்தேகமாக இருந்தது. உண்மை பேசுகிறவர் எதற்கு இவ்வளவு நிதானமாகப் பேச வேண்டும்?

அவர் பெட்ரோல் பில்டரைக் கழற்றி ஊதிக்கொண்டிருக்க, நான் பின்பக்கம் போனேன். வேலை செய்கிற சாக்கில் இவரும் உறிஞ்சிவிட்டால்? டேப்பைக் கிழித்து மூடியைத் திருகினேன். உள்ளே 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பழைய வண்டி, பெருமூச்சு விடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டு ஜன்னலில் ஸ்க்ரீன் மாட்டுகிற ஸ்பிரிங் கம்பி ஒன்றைக் கையோடு வைத்திருந்தேன். (வளைந்த குழாயில் அதுதான் வளைந்து போகும்.) அதை விட்டு அளவு பார்த்தேன். குறையவில்லை. மூடினேன், புது டேப், புதுக் கையெழுத்து.

"இப்ப அடிங்க டீச்சரம்மா" என்றார் பாய். சாவியைத் திருப்பினேன். நாலு சுற்று சுற்றிப் பிடித்துக்கொண்டது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று கையைத் துடைத்தார்.

ஒரு மாசத்தில் நாலு தடவை இதே கதை நடந்தது. பாய் பில்டரை மாற்றினார். டியூபை மாற்றினார். கார்ப்ரேட்டரைக் கழற்றிக் கழுவினார். கடைசியில் அந்த ஏ.சி. பம்பையே மாற்றினார். எதை மாற்றினாலும், நான் பின்னால் போய் மூடியைத் திறந்து அளந்த பிறகுதான் வண்டி கிளம்பும். "ஒங்க கைராசி டீச்சரம்மா, நீங்க பின்னாடி போனாலே கிளம்பிடுது" என்பார் அவர். நான் வேறு மாதிரி புரிந்துகொண்டேன். நான் கண்காணிக்கிறேன் என்று தெரிந்ததும் மனுஷன் ஒழுங்காக வேலை செய்கிறார்!

காற்றழுத்தத்தைப் பற்றி வருஷா வருஷம் பாடம் எடுக்கிறவள் நான். மூடிய தகர டின்னுக்குள் காற்று குறைந்தால் டின் எப்படி நசுங்கும் என்று மேஜை மேல் வைத்துச் செய்து காட்டுகிறவள். அதே சமாச்சாரம் என் காருக்குப் பின்னால் 'புஸ்ஸ்' என்று என் காதிலேயே சொன்னது. நான் ஸ்பிரிங் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த லட்சணத்தில் காதுகுத்து வந்தது.

மகள் கயலுக்கு அப்போது ஐந்து வயது. சிறுவாச்சூர் அம்மன்தான் எங்களுக்குக் குலதெய்வம். ஒரு திங்கட்கிழமை, ஒன்பதே காலிலிருந்து பத்தே காலுக்குள் நல்ல நேரம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால், அண்ணன் ஞாயிற்றுக்கிழமையே சீர்ப் பையோடும் தங்கத் தோட்டோடும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அண்ணியும் மற்ற சொந்தக்காரர்களும் பெரம்பலூரிலிருந்து நேராகக் கோயிலுக்கு வருவதாக ஏற்பாடு. அந்தோணிசாமியையும் அழைத்திருந்தேன். (சந்தேகத்துக்குரிய ஆளைக் கண் முன்னால் வைத்துக்கொள்வது நல்லது.)

கையோடு அவரைப் பிடிக்கவும் ஒரு திட்டம் போட்டேன். ஞாயிறு சாயங்காலம் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டு சீல் வைத்தேன். செவ்வாய்க்கிழமை காலைவரை சீலை யாரும், நான்கூட, தொடக் கூடாது. அப்போது, வண்டி ஓடியதற்கான பெட்ரோலைக் கழித்துவிட்டு அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். டேங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே இருக்காது, வண்டி இன்னும் சீக்கிரம் மூச்சு முட்டும் என்று அந்தப் புத்திசாலிக்குத் தெரியவில்லை.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். நான் ஓட்டினேன், பக்கத்தில் அண்ணன், பின்னால் செல்வமும் பட்டுப்பாவாடையில் கயலும். உடையார்பாளையம் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது.

"எங்கிட்ட இருந்தவரைக்கும் ஒருநாளும் இப்படி நின்னதில்லயே" என்றார் அண்ணன்.

"நானும் அதத்தான் யோசிக்கிறேன்" என்றேன். சொன்ன தொனி அவருக்குப் புரியவில்லை. செல்வத்துக்குப் புரிந்தது. ஜன்னல் வழியாக வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

அரை மணி நேரம் சும்மா கிடந்த பிறகு அதுவாகவே கிளம்பியது. அரியலூர் டவுனைத் தாண்டி, சிமெண்ட் லாரிகள் வரிசையாகப் போகிற பெரம்பலூர் ரோட்டுக்கு வந்தோம். மணி ஏழரை. திரும்பவும் இருமல், குலுக்கல். இழுத்து இழுத்து ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

செல்வம் இறங்கி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சோதித்தார். முகம் மலர்ந்தது. "கரண்ட் வருது" என்றார். பிறகு யோசித்து, "அப்ப பெட்ரோல்தான் வரல" என்றார்.

"டேங்கத் தொறந்து பாத்துடுவோம்" என்று அண்ணன் பின்பக்கம் போனார். போனவர் அங்கேயே குனிந்து நின்றார்.

"மல்லிகா, என்னாது இது? ஒங் கையெழுத்து மாதிரி இருக்கு?"

நான் ஓடினேன். "அதத் தொடாதண்ணே!"

"ஏன்?"

"ஆதாரம்."

"எதுக்கு ஆதாரம்?"

குரலைத் தாழ்த்தி (நாலு பக்கமும் லாரிகளைத் தவிர யாருமில்லை) அந்தோணிசாமி விஷயத்தைச் சொன்னேன். நாளைக் காலைவரை திறக்கக் கூடாது என்றும் சொன்னேன்.

அண்ணன் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "வண்டி நடுரோட்டுல நிக்குது. புள்ளைக்கு ஒம்பதே காலுக்கு நேரம். ஒனக்கு நாளைக்குக் காலையில அளந்து பாக்கணுமா?"

"டேங்குல ஒண்ணும் இல்லண்ணே. அது நெறைய இருக்கு, நேத்துதான் போட்டேன். கோளாறு வண்டியில. நல்ல வண்டின்னா நீ ஏன் குடுத்த?"

அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். பார்வை என்னை விட்டு விலகி ரோட்டுக்குப் போனது. இந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பரீட்சை ஹாலில் சட்டைப் பையில் பிட்டு வைத்திருக்கிற முகம்.

"சொல்லுண்ணே. கோளாறு தெரிஞ்சுதானே எங்கிட்டத் தள்ளிவிட்ட?"

"மல்லிகா, போதும்" என்றார் செல்வம்.

"நீங்க சும்மா இருங்க. அவரு சொல்லட்டும்."

பெரம்பலூர் பஸ் ஒன்று வந்தது. அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். சீர்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கயலைத் தூக்கினார்.

"மடியில ஒக்கார வைக்க வேண்டியவன் நானு. புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். வரதுன்னா இப்பவே ஏறு. இல்லன்னா ஒன் ஆதாரத்தக் காவல் காத்துக்கிட்டு இங்கயே இரு."

"ஏறும்மா, லேட்டாவுது" என்று கண்டக்டர் கத்தினார்.

ஏறியிருக்கலாம். ஒரு காலைப் படியில் வைக்கக்கூடச் செய்தேன். வண்டியைத் தனியாக விட்டுவிட்டுப் போனால் யாராவது சீலை உடைத்துவிட்டால் என்று ஒரு யோசனை வந்தது. காலையில் அரை மணி நேரத்தில் கிளம்பியதே, இப்போதும் கிளம்பிவிடும் என்று இன்னொரு யோசனை. காலை எடுத்துவிட்டேன். "போண்ணே, பின்னாலயே வந்துடுறேன்." ஜன்னலோரம் உட்கார்ந்து கயல் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். பஸ் போய்விட்டது.

செல்வம் ஏறவில்லை. ஏன் என்று கேட்டேன். "ஒன்ன இங்க விட்டுட்டுப் போனா லாரிக்காரங்கள விசாரிக்க ஆரம்பிச்சிடுவ" என்றார்.

அரை மணி ஆனது. கிளம்பவில்லை. ஒரு மணி ஆனது. சாவியைத் திருப்பித் திருப்பி பேட்டரியும் முனக ஆரம்பித்தது. மேலெல்லாம் சிமெண்ட் தூசி. பட்டுப்புடவையில் நான் பவுடர் டப்பாவில் விழுந்தவள் மாதிரி நின்றேன். மணி ஒன்பதைத் தாண்டியபோது ஒரு மோட்டார் சைக்கிள் எங்களைக் கடந்து போய், திரும்பி வந்தது. இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டி சட்டையில் அந்தோணிசாமி இறங்கினார்.

"என்ன டீச்சர், இங்க நிக்கிறீங்க? நேரமாயிடுச்சே!"

செல்வம் விஷயத்தைச் சொன்னார்.

"பெட்ரோல் இருக்கா பாத்தீங்களா?"

"இருக்கு. ஆனா தொறக்கக் கூடாது" என்றார் செல்வம்.

"ஏங்க?"

செல்வம் என்னைப் பார்த்தார். அந்தோணிசாமியும் என்னைப் பார்த்தார். ஏன் திறக்கக் கூடாது என்பதை உலகத்தில் ஒரே ஒருவரிடம் மட்டும் சொல்ல முடியாது. அவர்தான் கேட்டுக்கொண்டு நிற்கிறார். "ஒண்ணுமில்ல, தொறந்துக்கங்க" என்றேன்.

டேப்பைப் பார்த்ததும் திடுக்கிடுகிறாரா என்று உற்றுக் கவனித்தேன். (அப்போதும் கவனித்தேன்!) அவர் திடுக்கிடவில்லை. நகத்தால் மெதுவாக உரித்து, மடித்து, "ஒங்க கையெழுத்து இருக்கு டீச்சர், வச்சிக்கங்க" என்று மரியாதையாக என் கையில் கொடுத்தார். பிறகு மூடியைத் திருகினார்.

'புஸ்ஸ்ஸ்ஸ்' என்று ஒரு நீளமான சத்தம். லாரி டயரில் காற்றுப் பிடிக்கிற மாதிரி காற்று உள்ளே பாய்ந்தது. டேங்கின் தகரம் 'டொக்' என்று ஒலித்தது. அந்த வினாடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வகுப்பும் மேஜையும் நசுங்கிய தகர டின்னும் கண் முன்னால் வந்தன.

"அடடே, இதுவா" என்றார் அந்தோணிசாமி. "என் மருந்து மெஷின்லயும் இப்படித்தாங்க. மூடி ஓட்டையில தூசி அடைச்சிக்கிட்டா எண்ணெ எறங்காது. ஊதிவுட்டா சரியாப் போயிடும்." மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் மாறியது. "டீச்சர், இது தூசி இல்ல. யாரோ பசை வச்சி அடைச்சிருக்காங்க. வேணும்னே பண்ணியிருக்காங்க. யாரு என்னான்னு விசாரிங்க டீச்சர், விடாதீங்க."

"விசாரிக்கிறேன்" என்றேன்.

செல்வம் லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது திருப்பலில் வண்டி பிடித்தது. மூடிக்குப் பதிலாக டேங்க் வாயில் துணியைச் சுற்றி வைத்துக்கொண்டு கிளம்பினேன். அந்தோணிசாமி, "நான் முன்னால போயி சேதி சொல்லிடுறேன்" என்று பறந்தார். அவரைத் தடுத்திருக்க வேண்டும். எந்தக் காரணம் சொல்லித் தடுப்பது?

சிறுவாச்சூர் போய்ச் சேரும்போது மணி பத்தரை. மொட்டை போட்டு, காதும் குத்தி முடிந்திருந்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு கயல் அண்ணன் தோளில் இருந்தாள். கண்ணீர்க் கோடு காய்ந்திருந்தது, கையில் பாதி லட்டு. "அம்மா, நான் ஒரு காதுக்குத்தான் அழுதேன்" என்றாள். அவளைக் கையில் வாங்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குள் அந்தோணிசாமி சொன்ன சேதி பந்தி முழுக்கப் பரவியிருந்தது. "காத்து வர்ற ஓட்டையவா அடைச்சானுவ? லாரி வந்து மோதியிருந்தா என்னாவுறது?" என்று என் பெரியம்மா ஆரம்பித்தார். போலீசில் எழுதிக் கொடுக்கச் சொன்னார் ஒருத்தர். வண்டி இதற்கு முன்னால் யாரிடம் இருந்தது என்று மெதுவாகக் கேட்டார் இன்னொருத்தர். சொல்லி வைத்த மாதிரி எல்லார் கண்ணும் அண்ணன் பக்கம் திரும்பியது. அண்ணி கண் கலங்கி, "எங்க வூட்டுக்காரரு அப்படிச் செய்வாரா?" என்றார். அண்ணன் கயலின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மாட்டிக்கொண்ட பிள்ளைகள் எழுந்து நின்று 'நான்தான் மிஸ்' என்று சொல்லும் குரல் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"நான்தான் அடைச்சேன்."

"எதுக்குடி?" என்றார் பெரியம்மா.

"பெட்ரோல் திருடு போவுதுன்னு."

"யாரு திருடுனா?"

என் கண் தானாகவே போய்விட்டது. நேராக அந்தோணிசாமியிடம்.

"நானா டீச்சர்?" என்றார்.

அந்தக் கேள்வியில் கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். "தப்பா நெனச்சிட்டேண்ணே. மன்னிச்சிடுங்க."

அவர் நிதானமாக, "என் மெஷினுக்கு வெறும் பெட்ரோல் ஆவாது டீச்சர். ஆயில் கலக்கணும். ஒங்களோடத எடுத்தாலும் ஆயிலுக்கு நான் தனியா அலையணும்" என்றார்.

முதலில் சிரித்தது அண்ணிதான். அழுதுகொண்டிருந்தவர் மூக்கை உறிஞ்சியபடியே சிரித்தார். பிறகு பெரியம்மா. பிறகு பந்தியே சிரித்தது. சாம்பார் வாளியோடு நின்றவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் அண்ணி அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "அது கெடக்கட்டும். உசுரா வச்சிருந்த வண்டிய ஏன் குடுத்தீங்க? எங்கிட்டகூட நீங்க சொல்லல."

அண்ணனுக்குத் திரும்பவும் அந்த பிட்டு முகம் வந்தது. ஆனால் இந்தத் தடவை பஸ் ஏதும் வரவில்லை. "பொழுது சாஞ்சா எதுக்க வர்ற லைட்டு நாலா தெரியுது" என்றார், தரையைப் பார்த்து. "ஒருநாள் நம்ம கடைத் தெருவுலயே ஒரு சைக்கிள்காரன் மேல ஏத்தப் பாத்தேன். சொன்னா நீ கடைக்குக்கூட போவ விடமாட்ட."

கண்ணில் புரை. ஒரு வருஷமாக மறைத்து வைத்திருந்தார். அண்ணியின் சிரிப்பு நின்றுவிட்டது. நான் செல்வத்தின் காதில், "ஏதோ இருக்குன்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

அந்த மாசமே திருச்சியில் அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. நான்தான் அந்தக் காரில் கூட்டிப் போனேன், கூட்டி வந்தேன். புது மூடி போட்ட பிறகு வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. போகும்போது அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார். அவ்வளவுதான், எங்கள் வீட்டில் மன்னிப்பு என்றால் அப்படித்தான் இருக்கும். பஷீர் பாயிடமும் போய் உண்மையைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "அந்த டேப்ப நான் ஏதோ வேண்டுதல்னு நெனச்சிட்டேன் டீச்சரம்மா. அதான் கேக்கல" என்றார்.

கயலுக்கு இப்போது பதினைந்து வயது. காதுகுத்து ஆல்பத்தில் எல்லாரும் இருக்கிறார்கள், நான் இல்லை. பள்ளித் தோழிகள் கேட்டால், "எங்கம்மா அப்ப பெட்ரோல் டேங்குக்குக் காவல் நின்னாங்க" என்று சொல்லிவிட்டு ஆல்பத்தை மூடுவாள்.

போன மாசம், காதில் இரண்டாவது ஓட்டை போட வேண்டும் என்றாள். தோழிகள் எல்லாரும் போட்டுவிட்டார்களாம். பெரம்பலூரில் ஒரு கடையில் மெஷினை வைத்து ஒரு நொடியில் குத்திவிடுகிறார்கள். "மாமாவும் வராரு. இதுக்காவது வந்துரும்மா" என்றாள். நான் பஸ்ஸில் கிளம்பி ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டேன்.

கடைப் பெண் மெஷினைக் கையில் எடுத்தாள். "தோடு புதுசாம்மா? பாக்கெட்டக் காட்டு" என்றேன். தோட்டை மெஷினில் மாட்டிவிட்டுக் காலிப் பாக்கெட்டைக் கொடுத்தாள். பொடி எழுத்து. உள்ளே வெளிச்சம் போதவில்லை. வாசலுக்குப் போய், கண்ணாடியை ஏற்றி இறக்கி, தயாரித்த தேதி, காலாவதி தேதி, சுத்தம் செய்த முறை எல்லாவற்றையும் படித்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தால் கயலின் இரண்டு காதிலும் புதுத் தோடு மின்னிக்கொண்டிருந்தது. அண்ணன் அவள் கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சிருச்சா?" என்றேன்.

கயல் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் காதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மாமா, அடுத்து மூக்கு குத்துறப்ப அம்மாகிட்ட சொல்லாம போயிடுவோம். அப்பதான் சந்தேகப்பட்டு கரெக்ட் டயத்துக்கு வந்து நிப்பாங்க."